முகமூடி ஆந்திராவுக்கு, காற்று மதராசுக்கு

செங்கல்வராயன் அன்றைக்கு மிளகாய் வறுக்காமல் இருந்திருந்தால் இரண்டு ராஜ்யங்களின் காகிதச் செலவு கணிசமாகக் குறைந்திருக்கும்.

ஆனால் வறுத்தான். 1960-ஆம் வருஷம், பொங்கல் முடிந்த நாலாம் நாள், காலை பதினோரு மணி. நகரிக்கும் பள்ளிப்பட்டுக்கும் நடுவே கிடக்கிற மங்கலத்து ஏரியில், தூர்வாரும் படகின் வயிற்றுக்குள், எஞ்சின் அறையில். எஞ்சினுக்கு எண்ணெய் விடுவதும் படகில் இருப்பவர்களுக்குச் சமைத்துப் போடுவதும் அவன் வேலை. எஞ்சினின் புகைக்குழாய் அன்று கொதித்துக்கொண்டிருந்தது. அத்தனை சூடும் சும்மா ஆகாசத்துக்குப் போகிறதே என்று அவனுக்கு மனசு பொறுக்கவில்லை. குழாய்மேல் இரும்புச் சட்டியை ஏற்றி, வேர்க்கடலைத் துவையலுக்காக அரைப்படி மிளகாயைக் கொட்டினான். மூன்று பேருக்கு அரைப்படி அதிகம் என்று நினைக்கிறவர்கள் அந்தச் சீமையில் களி தின்றிருக்க மாட்டார்கள்.

ஊதல் காற்று அடித்ததால் மேல்கதவை மூடினான். பிறகு கடலை உரிக்க மேல்தட்டுக்கு வந்தவன், எஞ்சின் டிரைவர் வேதாச்சலத்தோடு பேச உட்கார்ந்து மிளகாயை மறந்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஓவர்சீயர் கங்கையா பரிசலில் வந்து ஏறினார். புது வெள்ளைக் கால்சட்டை, கையில் குடை. சோதனைக்கு வருகிறவர்கள் மூடியிருக்கிற கதவைத்தான் முதலில் திறப்பார்கள். திறந்தார்.

கதவுக்குள்ளிருந்து வெளியே வந்ததைப் புகை என்று சொல்வது அதற்கு மரியாதைக் குறைவு. முதலில் இருமியவரும் கங்கையாதான், முதலில் ஏரியில் குதித்தவரும் அவர்தான். குடை பின்னால் குதித்தது. வேதாச்சலம் வாயில் பீடியோடு குதித்தார். பரிசல்காரன் பரிசலிலிருந்தே குதித்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏரியில் மார்பளவுத் தண்ணீர்தான். மிச்சமெல்லாம் சேறு. அதை வாரத்தான் படகே வந்தது.

செங்கல்வராயன் துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு இறங்கி, சட்டியை எடுத்து வந்து ஏரியில் கவிழ்த்தான். எல்லாம் ஐந்து நிமிஷம். நஷ்டம், அரைப்படி மிளகாய்.

ஆனால் ஓர் ஓவர்சீயர் மிளகாய் நெடிக்குப் பயந்து ஏரியில் குதித்தார் என்று சர்க்கார் காகிதத்தில் எப்படி எழுதுவது? கங்கையா ஈரக் கால்சட்டையோடு உட்கார்ந்து யோசித்தார். பிறகு எழுதினார்: "கலத்தில் பயங்கரத் தீ விபத்து. அடியேன் ஒரு வினாடியும் தாமதியாமல் நடவடிக்கை எடுத்தேன்." இரண்டாவது வாக்கியம் முழு உண்மை.

எட்டாம் நாள் உத்தரவு வந்தது. உரிய தீப் பாதுகாப்புக் கருவிகள் வந்து சேரும்வரை படகு ஓடக்கூடாது. உரிய தகுதிச் சான்று பெறும்வரை செங்கல்வராயன் படகில் எதையும் தொடக்கூடாது.

"அப்ப எனுக்கு வேலை இருக்குதா இல்லியா சார்?" என்று கங்கையாவைக் கேட்டான்.

"இல்லேன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"இல்லீங்க."

"இருக்குதுன்னு நான் சொன்னனா?"

"இல்லீங்க."

"அவ்ளோதான். போ."

செங்கல்வராயன் நகரிக்குப் போனான். வீட்டில் ரத்னம்மா ராட்டையின் முன் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டிலும் தறிதான். அந்தத் தெருவிலேயே தறியில் உட்காராத ஒரே ஆண்பிள்ளை செங்கல்வராயன். கல்யாணமான புதிதில் மைத்துனன் சம்பத்தின் தறியில் அவன் ஒரு லுங்கி நெய்தான். அதன் கட்டங்கள் ஒரு கரையில் சிறுத்து மறுகரையில் பெருத்து, பார்த்தவர்களுக்குக் கண் சுற்றியது. சம்பத் அதை இன்னும் வைத்திருந்தான். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவான்.

"வேலை போச்சா?" என்றாள் ரத்னம்மா, ராட்டையை நிறுத்தாமல்.

"போச்சுன்னு சொல்லல."

"அப்ப இருக்குதா?"

"இருக்குதுன்னும் சொல்லலம்மே."

ராட்டை நின்றது. "இன்னாய்யா இது? தே பாரு, சித்திரை பொறக்கறதுக்குள்ள போய் ஒரே வார்த்தை கேட்டுக்கினு வா. இருக்குதுன்னா இருக்குது. இல்லேன்னா எங்கண்ணன் தறியில போய்க் குந்து. ரெண்டும் இல்லாம வூட்ல குந்திக்கினு மெளகா வறுக்கலாம்னு மட்டும் நெனச்சுக்காதே."

தறியில் உட்காருவது பற்றி அவனுக்குப் பயமில்லை. அந்த லுங்கியின் பக்கத்தில் உட்காருவதுதான் பயம்.

சித்தூரில் உள்நாட்டு நீர்க்கலத் தீப் பாதுகாப்புக் கிளை என்று ஓர் ஆபீஸ் இருந்தது. சித்தூரிலிருந்து கடல் தொண்ணூறு மைல். ஐம்பத்துமூன்றில் ஆந்திரா தனி ராஜ்யமானபோது, பிரித்துக் கொடுத்த கோப்புகளோடு கோப்பாகக் கப்பல் தீயணைப்பு விதிப்புத்தகம் ஒன்று தவறுதலாகச் சித்தூருக்கு வந்துவிட்டது. புத்தகம் இருந்தால் அதைப் படிக்க ஒருவர் வேண்டும். அவர் இருந்தால் அவருக்கு ஒரு மேஜை வேண்டும். மேஜைக்கு ஒரு கிளை. ஆறு வருஷமாகக் கிளை இருந்தது, கலம்தான் இல்லை. அதனால் தூர்வாரும் படகில் தீ என்ற செய்தி வந்த அன்று அங்கே எல்லோர் முகத்திலும் ஒரு கல்யாணக் களை.

கிளையின் தலைவர் பாலசுந்தரம் செங்கல்வராயனை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவர் மேஜையில் காகிதம் பறக்காமலிருக்க ஒரு பித்தளை நங்கூரம். சுவரில் புயலில் தத்தளிக்கும் கப்பல் படம். நல்ல மனிதர். பேச ஆரம்பித்தால் மட்டும் அவருக்கே அவரை நிறுத்தத் தெரியாது.

"செங்கல்வராயன், நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் பொறுப்பேற்ற நாளிலிருந்து சித்தூர் ஜில்லாவில் நடுக்கடலில் ஓர் உயிர்கூடத் தீயில் போனதில்லை."

"சார், நம்ம ஜில்லாவுல கடலு..."

"அதுவேதான்! இல்லாத இடத்திலேயே இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறோம். இருந்திருந்தால் எப்படி இருந்திருப்போம், யோசித்துப் பாருங்கள்."

செங்கல்வராயன் யோசித்துப் பார்த்தான். கண்ணில் நீர் வந்தது.

நாற்பத்திரண்டு கேள்விகள் உள்ள படிவத்தைக் கொடுத்தார்கள். அருகிலுள்ள துறைமுகம்? 'நகரி பஸ் ஸ்டாண்டு' என்று எழுதினான். கொந்தளிப்பின்போது கலம் எவ்வளவு சாயும்? 'ஆனவரைக்கும் சாயும்.' கலம் மூழ்கினால் கடைசியாக வெளியேறுபவர் யார்? இதற்கு நெடுநேரம் யோசித்து, 'தரை தட்டும், மூழ்காது' என்று எழுதினான். பாலசுந்தரம் படித்துப் பார்த்து, கேள்விக்கு மேல் பதில் எழுதக் கூடாது என்று கடைசி வார்த்தையை அடித்தார்.

"சார், ஒரே ஒரு கேள்வி. எனுக்கு வேலை..."

"கருவி வரட்டும். கருவியில் பயிற்சி பெறுங்கள். பயிற்சி பெற்றால் சான்று. சான்று இருந்தால் உங்கள் கேள்வியைப் பரிசீலிக்கலாமா என்று பரிசீலிப்போம்."

பயிற்சி திருப்பதியில். கிளையின் சாமான் கிடங்கு அங்கே, திருச்சானூர் போகும் ரோட்டில் ஒரு பழைய சத்திரத்தில் இருந்தது. அங்கேதான் செங்கல்வராயன் முதன்முதலாகப் புகை முகமூடியைப் பார்த்தான். தலையை முழுக்க விழுங்கும் தோல் தொப்பி. வட்டமாக இரண்டு கண்ணாடிக் கண்கள். மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் நாற்பதடி ரப்பர் குழாய். குழாயின் மறுமுனையில், கொல்லன் பட்டறையில் இருப்பதுபோல ஒரு துருத்தி, காலால் மிதிக்கிற தினுசு. ஒருவன் முகமூடி போட்டுப் புகைக்குள் போவான். மற்றவன் வெளியே நின்று மிதிப்பான். மிதிக்கிறவரை உள்ளே இருப்பவனுக்கு மூச்சு.

மூன்று வாரம் பயிற்சி. மூன்று வாரமும் முகமூடியை யாரும் அணியவில்லை, அணிந்தால் தேயும். துருத்தியை யாரும் மிதிக்கவில்லை, மிதித்தால் கிழியும். மூச்சு விடுவது எப்படி என்பதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். செங்கல்வராயன் அதைப் பார்த்து எழுதிக்கொண்டு, இடைவேளையில் வெளியே வந்து தனக்குத் தெரிந்த பழைய முறையிலேயே மூச்சு விட்டான்.

முகமூடியின் கழுத்து வாருக்கு அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். தீப்பிடித்தால் மட்டும் உடைக்கலாம். தீப்பிடித்ததை ஓர் அதிகாரி நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அதிகாரி வருவதற்கு மூன்று நாள் முன்னதாக எழுதிப் போட வேண்டும்.

"அந்த மூணு நாளும் நெருப்பு இன்னா சார் பண்ணும்?" என்று கேட்டான்.

வாத்தியார் அந்தக் கேள்வியைக் குறித்துக்கொண்டார். கேட்டவனின் பெயரையும் குறித்துக்கொண்டார்.

சாமான்களை அவனே பஸ்ஸில் எடுத்துப் போகவேண்டும் என்று உத்தரவு. அவற்றுக்கென்று செய்த மரப்பெட்டியில் கிடங்கின் பழைய கோப்புகள் இருந்ததால் பெட்டி வரவில்லை. துருத்தியும் குழாயும் பஸ் மேலே ஏறின. முகமூடி அவன் மடியில் உட்கார்ந்தது. மலையிலிருந்து இறங்கிய மொட்டைத் தலைகள் பஸ் நிறைய. கண்டக்டர் வந்து இரண்டு விரல் காட்டினான்.

"ஒரு ஆளுதான்," என்றான் செங்கல்வராயன்.

"மொகம் உந்தி காதா?" என்று கண்டக்டர் முகமூடியின் கன்னத்தைத் தட்டினான். "மொகம் இருந்தா ஆளு. டிக்கெட்டு எடு."

பக்கத்து இருக்கை அம்மாள் வெகுநேரம் முகமூடியையே பார்த்தாள். பெரிய தலை, குழாய் மாட்டுவதற்காக முன்னால் நீண்ட மூக்கு. பொட்டலத்திலிருந்து குங்குமம் எடுத்து அதன் நெற்றியில் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பின்னால் நடந்த சோதனைகளில் இந்தக் குங்குமம் 'தயாரிப்பாளர் முத்திரை, சிவப்பு, வட்டம்' என்று பதிவானது. பஸ் புத்தூர் தாண்டும்போது செங்கல்வராயனும் ஒருமுறை யாரும் பார்க்காமல் அதைக் கும்பிட்டு வைத்தான். அவன் கேட்டுப் பார்த்த மற்றவர்கள் யாரும் பதில் சொல்லவில்லையே.

ஏப்ரல் முதல் தேதி திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கமெல்லாம் ஆந்திராவிலிருந்து மதராசுக்குப் போனதால் புது எல்லைக்கோடு வந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் மதராஸ் ராஜ்யம், இந்தப் பக்கம் ஆந்திரா. கோடு ஏரியின் நடுவாகப் போனது. தண்ணீரில் கோடு நிற்காது என்பதால் சிவப்புச் சாயம் பூசிய காலி கெரசின் டின்களை வரிசையாக மிதக்கவிட்டார்கள். மீன்கள் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டிருந்தன, அவற்றுக்குத் தாக்கீது போகவில்லை.

சாமான்களைப் பிரிக்க ஒரு கமிட்டி வந்தது. கமிட்டியில் சண்டையே இல்லை. அதுதான் ஆபத்தானது. பட்டியலில் ஒற்றைப்படை எண்ணெல்லாம் ஆந்திராவுக்கு, இரட்டைப்படையெல்லாம் மதராசுக்கு என்று அரைமணியில் முடித்து, காபி சாப்பிட்டுக் கைகுலுக்கிப் பிரிந்தார்கள். படகை மட்டும் வெட்ட முடியாது என்று வேதாச்சலம் கெஞ்சியதால் அது இருவருக்கும் பொது. நங்கூரம் பதினேழு, அதன் சங்கிலி பதினெட்டு. நங்கூரம் சித்தூருக்கும் சங்கிலி திருத்தணிக்கும் போயின. புகை முகமூடி அறுபத்தொன்று. துருத்தியும் குழாயும் அறுபத்திரண்டு.

"அப்ப மொகமூடி ஆந்திராவுக்கு, காத்து மதராசுக்கா?" என்றார் வேதாச்சலம்.

"ஆமாண்ணா."

"நல்லது. ரெண்டு பேருமே தப்பிச்சாங்க."

"அது கெடக்குது. என்னை எங்க போட்டாங்கன்னு பாத்தியாண்ணா?"

வேதாச்சலம் பட்டியலை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் பார்த்தார். வேதாச்சலம் இருந்தார். பரிசல் இருந்தது. களிக்கிண்டும் துடுப்பு இருந்தது. செங்கல்வராயன் இல்லை. 'படகில் எதையும் தொடக்கூடாது' என்று உத்தரவு இருந்ததால் பட்டியல் எழுதியவர் அவனைப் படகோடு சேர்க்கவில்லை.

சித்தூருக்கு ஓடினான். பாலசுந்தரம் பொறுமையாகக் கேட்டார். "எங்கள் பட்டியலில் இல்லை. அதனால் நீங்கள் மதராஸ் ஊழியராகத்தான் இருக்க வேண்டும். வாழ்த்துக்கள்." திருத்தணிக்கு ஓடினான். அங்கே மதராஸ் தரப்பு அதிகாரி ஜெயச்சந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "எங்க லிஸ்ட்ல இல்லியே. ஆந்திரா உங்களை விட்டுக்கொடுக்காது. கொடுத்துவச்சவர் நீங்க."

இரண்டு ராஜ்யங்கள் தனக்காக இத்தனை பெருந்தன்மையாக நடந்துகொள்ளும் என்று அவன் நினைத்ததே இல்லை. பங்குனி முடியப் பத்து நாள்கூட இல்லை. வீட்டில் ரத்னம்மா ஒன்றும் கேட்கவில்லை. சம்பத்தின் தறிக்குழியை ஒருமுறை போய்ப் பெருக்கிவிட்டு வந்தாள். அது கேட்பதைவிட மோசம்.

பங்குனி கடைசி நாளன்று கூட்டுச் செயல்விளக்கம் ஏற்பாடாகியது. கோடைக்குள் ஏரியை வாராவிட்டால் இரண்டு ராஜ்யத்து நெல்லும் காயும் என்று கரையோர ஊர்க்காரர்கள் இரண்டு பக்கத்திலும் மனுக் கொடுத்திருந்தார்கள். படகு ஓடவேண்டுமானால் கருவி வேலை செய்கிறது என்று இரண்டு தரப்பும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். முகமூடியை அரசிதழில் பெயர் வந்த அதிகாரிதான் தொடலாம் என்பதால் பாலசுந்தரமே அணிவதாக ஒப்புக்கொண்டார். கொஞ்சம் ஆசையாகவே ஒப்புக்கொண்டார் என்று கங்கையா பின்னால் சொன்னார். ஆறு வருஷம் புத்தகத்தில் படித்ததை மனிதர் ஒருநாளாவது தலையில் மாட்டிப் பார்க்க வேண்டாமா?

துருத்தியை ஜெயச்சந்திரன் கொண்டுவந்தார். அதை மிதிக்கக் கன்னையா என்ற மதராஸ் பியூன். துருத்தி எல்லை தாண்ட அனுமதி இல்லாததால் டின் வரிசைக்கு மதராஸ் பக்கமாகப் படகை நிறுத்தினார்கள். நங்கூரம் இல்லாததால் வேதாச்சலம் மூங்கில் கழியைச் சேற்றில் ஊன்றிப் பிடித்துக்கொண்டார். பட்டியலில் இல்லாத செங்கல்வராயன் கரையில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆந்திரா தரப்பில் வந்திருந்த கங்கையா அவனைக் கைதட்டிக் கூப்பிட்டார். "புகை போடணும். ஆள் இல்லை. நீ வா."

"நான் எதையும் தொடக்கூடாதுன்னு..."

"புகை பட்டியல்ல இல்லப்பா. அதைத் தொடலாம்."

ஈர வைக்கோல் போட்டால் போதும் என்றான் செங்கல்வராயன். பாலசுந்தரம் கங்கையாவின் பழைய அறிக்கையோடு வேதாச்சலத்தின் வாக்குமூலத்தையும் வைத்திருந்தார். விபத்தை நடந்தபடியே நடத்திக்காட்ட வேண்டும் என்பது விதி. "இதில் அரைப்படி மிளகாய் என்று இருக்கிறது."

"சார், மெளகா வாணாம் சார். சொல்றதக் கேளுங்க."

"கால் படியாகக் குறைத்தால் அது வேறு விபத்து."

கங்கையா படகின் விளிம்பு எவ்வளவு தூரம் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

எஞ்சினை ஓட்டினார்கள். குழாய் சூடேறியது. செங்கல்வராயன் சட்டியை வைத்து, மிளகாயைக் கொட்டி, சாமியை வேண்டிக்கொண்டு மேலே வந்தான். பாலசுந்தரம் முத்திரையை உடைத்தார். முகமூடி அணியும் முன் ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினார். "இரண்டு ராஜ்யங்களாகப் பிரிந்தாலும் நாம் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறோம் என்பதை இந்தக் கருவி..." என்று ஆரம்பித்து ஐந்து நிமிஷம் பேசினார். அந்த ஐந்து நிமிஷத்தில் மிளகாய் பதமாகி, பதம் தாண்டி, கருக ஆரம்பித்தது.

பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, நெற்றியில் குங்குமத்தோடு ஏணியில் இறங்கினார். கன்னையா மிதித்தான். குழாய் பாம்புபோலப் பின்னால் போனது. எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி இருந்தது.

பங்குனிக் காற்று மட்டும் புத்தகத்தில் இல்லை. ஒரு வீச்சு வீசியது. கழி சேற்றில் வழுக்கியது. வேதாச்சலம், "போவுது, போவுது!" என்று கத்தினார். படகு மெல்ல, ஒரு சத்தமும் இல்லாமல், இரண்டு கெரசின் டின்களை ஒதுக்கிக்கொண்டு ஆந்திராவுக்குள் போனது.

"நிறுத்து!" என்றார் ஜெயச்சந்திரன்.

கன்னையா காலை எடுத்தான்.

"சார், உள்ளே ஆளு கீறாரு!" என்றான் செங்கல்வராயன்.

"தெரியும்யா. நான் மனுஷனில்லையா?" ஜெயச்சந்திரனின் குரல் நிஜமாகவே கலங்கியிருந்தது. "ஆனா இது ஆந்திரா. மதராஸ் காத்தை ஆந்திராவுக்குள்ள விட்டா நாளைக்கு யார் பதில் சொல்றது? அவங்க முறையா எழுதிக் கேக்கட்டும், நான் உடனே அனுப்பறேன். ஒரு நிமிஷம்கூட வச்சுக்க மாட்டேன்."

"அவரு உள்ளேருந்து எப்பிடி சார் எழுதுவாரு?"

இந்தக் கேள்விக்கு ஜெயச்சந்திரன் பதில் யோசித்துக்கொண்டிருந்தபோது, திறந்திருந்த கதவு வழியாக மிளகாய் மேலே வந்தது.

யாரும் யாருடைய அனுமதியும் கேட்கவில்லை. கங்கையா முதலில் குதித்தார், அனுபவஸ்தர். ஜெயச்சந்திரன் மதராஸ் பக்கமாகப் பார்த்துக் குதித்தார். கன்னையா கிடைத்த பக்கம் குதித்தான். வேதாச்சலம் போகிற போக்கில், "துண்டு! துண்டு!" என்று கத்திவிட்டுக் கழியோடு போனார். தண்ணீரில் ஆளுக்கொரு கெரசின் டின்னைக் கட்டிக்கொண்டு இருமினார்கள். எல்லைக்கோடு கலைந்துபோயிற்று.

படகில் செங்கல்வராயன் மட்டும் நின்றான். எதையும் தொடக்கூடாது என்ற உத்தரவு சட்டைப் பையில் இருந்தது. யாரையாவது கேட்கலாம் என்று சுற்றிப் பார்த்தான். கேட்கவேண்டியவர்களெல்லாம் மார்பளவுத் தண்ணீரில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். கீழே எதன்மேலோ எதுவோ மோதும் சத்தம் கேட்டது. கண்ணாடியில் ஆவி படிந்து பாலசுந்தரம் ஏணியைத் தேடிக்கொண்டிருந்தார், தோல் தொப்பிக்குள் அடைபட்டு.

செங்கல்வராயன் துண்டை ஏரியில் முக்கி மூஞ்சியில் கட்டிக்கொண்டு துருத்தியின்மேல் ஏறினான்.

மிதித்தான். கண்ணிலிருந்து தாரைதாரையாக ஊற்றியது. இடது காலும் வலது காலும் மாறிமாறி மிதிக்க, கையால் கயிற்றைப் பிடித்து இழுத்தான். "சார்! கயிறு போற பக்கமே வா சார்! வலது பக்கம் எஞ்சினு, தொடாதே! அங்கதான் ஏணி! ஏறு சார், ஏறு!" மரியாதைப் பன்மை எங்கோ புகையில் போய்விட்டது. கயிறு கனத்தது, தளர்ந்தது, மறுபடி கனத்தது. கடைசியில் கதவு விளிம்பில் ஒரு குங்குமப் பொட்டு தெரிந்தது. பிறகு இரண்டு வட்டக் கண்கள்.

பாலசுந்தரம் தவழ்ந்து வந்து மேல்தட்டில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றக் கை போனது. சுற்றிலும் இன்னும் நெடி. கையை இறக்கிக்கொண்டார். செங்கல்வராயன் மிதித்துக்கொண்டே இருந்தான்.

காலும் வலித்தது, மனசும் வலித்தது. நாளைக்குச் சித்திரை.

"சார், கோச்சுக்காதீங்க. மூணு மாசமா ஒரே கேள்விதான் கேட்டுக்கினு கீறேன். எனுக்கு வேலை இருக்குதா இல்லியா?"

தொப்பிக்குள்ளிருந்து கிணற்றுக்குள் பேசுவதுபோல் குரல் வந்தது. "அது வந்து, செங்கல்வராயன்... சொத்துப் பகிர்வு விதிகளின்... பதினாலாவது பிரிவு... உட்பிரிவின்படி... உரிய தரப்பின்... பரிசீலனை..."

அங்கே மூச்சு தீர்ந்துவிட்டது. கண்ணாடி இரண்டும் வெளுத்தன. பாலசுந்தரம் இரண்டு கையாலும் காற்றைத் துழாவினார்.

செங்கல்வராயன் பதறிப்போய் வேகமாக மிதித்தான். "நீட்டிப் பேசாதீங்க சார்! எத்தினி மிதிச்சாலும் காத்து இவ்ளோதான் வரும். சுருக்கா சொல்லுங்க. இல்லேன்னா சும்மா இருங்க, அதுவும் நல்லதுதான். நான் மிதிக்கறத நிறுத்த மாட்டேன்."

துருத்தி ஏறியது, இறங்கியது. பாலசுந்தரம் அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வாக்கியத்தைப் பேசுவதற்கு முன்னால் அளந்து பார்த்தார்.

"இருக்குது," என்றார்.

செங்கல்வராயனுக்குத் தன் காதை நம்ப முடியவில்லை. "எந்த ஸ்டேட்டுல சார்?"

தொப்பி டின்கள் சிதறிக் கிடந்த பக்கம் மெல்லத் திரும்பியது. அங்கே ஜெயச்சந்திரன் ஆந்திராவிலும் கங்கையா மதராசிலும் நின்று தும்மிக்கொண்டிருந்தார்கள். தொப்பி அவன் பக்கம் திரும்பி வந்தது.

"இந்தப் படகுல. நாளைக்குக் காலைல வா. மெளகா எடுத்துக்கினு வராதே."